ஒற்றை டிக் விழுந்த இரவு: ஆல்டடீனா தீயில் நான் செய்த தவறுகள்

இதை எழுத ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டேன். போன மாதம் மலையடிவாரத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், "அக்கா, தீ வந்தா பையில என்னென்ன எடுத்து வெச்சுக்கணும்?" என்று கேட்டாள். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு எனக்குப் பை ஒரு பிரச்சினையாகவே இல்லை. இரண்டு நிமிஷத்தில் கட்டிவிட்டேன். ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பதில்தான் ஒன்றன் பின் ஒன்றாகத் தப்பு செய்தேன். யாரை, எப்போது, எப்படி விசாரிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால் அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. மாமனாருக்கு பைபாஸ் ஆபரேஷன் என்று கணவர் மதுரைக்குப் போய் பத்து நாள் ஆகியிருந்தது. நான் தனியாக இருந்தேன். ஆல்டடீனா என்பது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், பாசடீனாவுக்கு வடக்கே, சான் கேப்ரியல் மலையை ஒட்டிய ஊர். ஊரை நடுவில் வகுந்துகொண்டு லேக் அவென்யூ போகிறது. நாங்கள் அதற்கு மேற்கே ஒரு பழைய சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இந்தக் கிழக்கு மேற்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காற்று பற்றிய எச்சரிக்கை முந்தின நாளிலிருந்தே போனில் வந்துகொண்டிருந்தது. மலைப்பக்கம் மணிக்கு 80 மைலைத் தாண்டி வீசும் என்றார்கள். முந்தைய மே மாதத்துக்கு அப்புறம் மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை, புல்லெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. காலை பத்தரை மணிவாக்கில் பசிபிக் பாலிசேட்ஸில் தீ பிடித்தது. அது எங்களுக்கு மேற்கே வெகுதூரம், கடலோரம். ஆபீசில் ஆளாளுக்கு லைவ் பார்த்தோம், உச்சுக் கொட்டினோம், வேலையைத் தொடர்ந்தோம். சாயங்காலம் ஆறேகால் வாக்கில் ஈட்டன் கேன்யனில் அடுத்த தீ. அது எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல்கூட இருக்காது. பின்வாசலில் நின்று பார்த்தால் கிழக்கே வானம் ஆரஞ்சாகத் தெரிந்தது.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேக் அவென்யூவுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. சரி, நமக்கு இல்லை போல என்று நினைத்தேன். அன்று இரவு மேற்கே இருந்த பலரும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் பக்கத்துக்கு உத்தரவு வந்தபோது அதிகாலை 3:25. அந்தத் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ஏன் அவ்வளவு தாமதம் என்பது பற்றி விசாரணையெல்லாம் நடந்தது, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: போன் அலறவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரிகிறதா, மூக்குக்கு வருகிறதா, காற்று நம் பக்கம் அடிக்கிறதா, அது போதும் கிளம்ப. கலிபோர்னியாவில் 'வார்னிங்' என்றால் தயாராக இரு, வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் இப்போதே கிளம்பு என்று பொருள். 'ஆர்டர்' என்றால் உடனே போ. வார்னிங் வந்தாலே பெரியவர்களைக் கிளப்ப வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது.

எட்டு மணிக்குத் தெரு முழுக்க கரண்ட் போனது. அதே சமயம் லாஸ் வேகஸிலிருந்து ஒரு நண்பரின் மெசேஜ். எங்கள் தமிழ் வட்டத்தில் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சிக்காக அன்று காலைதான் அங்கே போயிருந்தார். அவருடைய அப்பா அம்மா கோவில்பட்டியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து, எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, அவர் வீட்டில் இருந்தார்கள். "அம்மா போன் எடுக்கல. கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று எழுதியிருந்தார். நான் ஆன்ட்டிக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டேன், போகவில்லை. "ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக் விழுந்தது. தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அண்ணனுக்கு "மெசேஜ் போட்டிருக்கேன், இங்க ஆர்டர் எதுவும் வரலை" என்று பதில் அனுப்பினேன். எங்கள் குரூப்பிலும் "எல்லாரும் சேஃப்தானே?" என்று கேட்டேன். பதினேழு கட்டைவிரல் வந்தது. ஏதோ பெரிய கடமையை முடித்த திருப்தியோடு சோபாவில் படுத்தேன்.

அந்த ஒற்றை டிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெசேஜ் என் போனிலிருந்து போய்விட்டது, அவர்கள் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஊரிலிருந்து வரும் பெரியவர்களின் போனில் பெரும்பாலும் இந்திய சிம்தான் இருக்கும், ரோமிங் இருக்காது. வீட்டு வைஃபையில்தான் வாட்ஸாப் ஓடும். கரண்ட் போனால் ரவுட்டர் போகும். ரவுட்டர் போனால் அவர்களுக்கு உலகமே போய்விடும். மகன் கூப்பிட முடியாது, அவர்களும் கூப்பிட முடியாது, வெளியேறச் சொல்லும் அலறலும் அந்த போனில் வராமல் போகலாம். ஆன்ட்டியின் போன் விஷயத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய தீபாவளிக்கு அவர்களுக்கு வைஃபை பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்ததே நான்தான். தெரிந்தும் அன்று தலையில் ஏறவில்லை. பெற்றோரை வரவழைப்பவர்கள் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே ஓர் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுவிடுங்கள். ஸ்வெட்டர் அடுத்த நாள் வாங்கலாம்.

இரண்டு மணிக்கு இருமலில் விழித்தேன். வீட்டுக்குள் புகை நாற்றம். கதவைத் திறந்தால் காற்று கதவைப் பிடுங்கியது. தெருவிளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் தெரு முழுக்க ஒரு மங்கிய சிவப்பு வெளிச்சம். கங்குகள் பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தன, மழைச்சாரல் மாதிரி. எதிர்வீட்டுக் கூரையோரம் ஒன்று ஒட்டிக்கொண்டு மினுங்கி அணைந்தது. போனில் அப்போதும் எங்கள் பகுதிக்கு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். நாற்பது வருஷமாக அதே வீடு, கணவர் போய்விட்டார், மகள் வேறு மாநிலத்தில். அவர் வீட்டு பெல்லை அடி அடியென்று அடித்தேன். அது மின்சாரத்தில் ஓடும் பெல் என்பது ஐந்தாவது முறை அழுத்தும்போதுதான் உறைத்தது. கதவைத் தட்டினேன். காது மெஷினைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு எப்படிக் கேட்கும்? கடைசியில் வீட்டைச் சுற்றிப் பின்னால் போய், எந்த அறையில் படுக்கிறார் என்று தெரியாமல், ஜன்னல் ஜன்னலாக டார்ச் அடித்துக் கண்ணாடியில் செருப்பால் தட்டினேன். மூன்றாவது ஜன்னலில் எழுந்தார். பத்து நிமிஷம் இதிலேயே போயிற்று. மூன்று வருஷமாக எலுமிச்சம்பழமும் கேக்கும் பரிமாறிக்கொண்ட வீடு அது. அவர் எந்த அறையில் தூங்குகிறார் என்றோ, மகளின் நம்பர் என்ன என்றோ நான் கேட்டதில்லை.

அடுத்தது கராஜ். "என் காரிலேயே வருகிறேன், இல்லாவிட்டால் வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். கரண்ட் இல்லாமல் கராஜ் கதவு திறக்காது. மேலே மோட்டார் ஓடும் தண்டவாளத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு, சின்னக் கைப்பிடியோடு, தொங்கும் பாருங்கள், அதை இழுத்தால் மோட்டாரிலிருந்து கதவு விடுபடும், அப்புறம் கையால் தூக்கலாம். கேட்க எளிதாக இருக்கிறது. அந்தக் கயிறு எனக்கு எட்டவில்லை, அவருடைய கைத்தடியால் கொக்கி போட்டு இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். கதவைத் தூக்கினால் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது, பழைய ஸ்பிரிங். இரண்டு பேரும் தோள் கொடுத்து ஏற்றி, ஒரு பெயின்ட் டப்பாவை முட்டுக்கொடுத்து, அவர் காரை வெளியே எடுத்தார். 2019 ஜூலைக்கு அப்புறம் கலிபோர்னியாவில் விற்கும் கராஜ் மோட்டாருக்கு பேட்டரி பேக்கப் கட்டாயம். 2017இல் நடந்த தீ விபத்துகளில் கதவு திறக்க முடியாமல் ஆட்கள் மாட்டிக்கொண்டதால் வந்த சட்டம் அது. ஆனால் பழைய வீடுகளில் பழைய மோட்டார்தான். உங்கள் தெருவில் வயதானவர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். காற்று வீசும் என்று சொன்னால் முந்தின இரவே காரை வெளியே, தெருவைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

அவரை ஃபேர் ஓக்ஸ் அவென்யூவில் தெற்கே போகச் சொல்லி அனுப்பிய பிறகு ஆன்ட்டி ஞாபகம் வந்தது. போனைப் பார்த்தேன். இன்னும் ஒற்றை டிக். அப்போதுதான் அடிவயிறு கலங்கியது. 911 என்ற அவசர எண்ணில் கூப்பிட்டு முகவரியைச் சொன்னேன். வயதான இருவர், கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் வராது என்றேன். குறித்துக்கொண்டார்கள். வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அன்றைய நிலைமை அப்படி. நான் காரை அந்தப் பக்கம் திருப்பினேன்.

இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வழியில் ஒரு பனைமரம் உச்சியில் தீப்பந்தம் மாதிரி எரிந்து மட்டைகளைத் தெருவில் உதிர்த்துக்கொண்டிருந்தது. ஒரு மின்கம்பி தாழ்ந்து தொங்கியது, புகையில் அது கடைசி நொடியில்தான் தெரிந்தது. காற்று கொஞ்சம் திரும்பியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், அவர்களுக்கும் உதவியிருக்க முடியாது. இதே ஒன்றரை மைலை இரவு எட்டு மணிக்குப் போயிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. விசாரிப்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது. அது தீ தூரத்தில் தெரியும்போது. தெருவில் வந்த பிறகு போகாதீர்கள்.

அங்கிள் கதவைத் திறந்தார், வேட்டியும் குல்லாவுமாக. "என்னம்மா இந்நேரத்துல? கரண்ட் போச்சேன்னு படுத்துட்டோம்" என்றார். புகை நாற்றம் வரவில்லையா என்றேன். "யாரோ அடுப்பு மூட்டுறாங்கன்னு ஆன்ட்டி சொன்னா, ஜன்னலை எல்லாம் சாத்திட்டோம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நம்மூரில் கரண்ட் போனால் வேறு என்ன செய்வோம்? பாயைப் போட்டுப் படுப்போம். அவர்களிடம் தப்பே இல்லை. இங்கே காற்று நாளில் கரண்ட் போனால் விழித்திருக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

கிளம்பலாம் என்றால் ஆன்ட்டி பாஸ்போர்ட் இல்லாமல் வரமாட்டேன் என்கிறார். பீரோ, பெட்டி, சாமி அலமாரி என்று டார்ச் வெளிச்சத்தில் தேடினோம். பன்னிரண்டு நிமிஷம், பிறகு போன் கால் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். பாஸ்போர்ட் இரண்டையும் மகன் பேங்க் லாக்கரில் பத்திரமாக வைத்திருந்தார், இவர்களிடம் சொல்லவில்லை. பத்திரமாம்! இந்தியத் தூதரக அலுவலகத்தில் புதுப் பாஸ்போர்ட் எடுக்கலாம், அலைச்சல்தான், ஆனால் எடுக்கலாம். எது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், போனில் ஒரு போட்டோ இருக்க வேண்டும். கடைசியில் ஆன்ட்டி சர்க்கரை மாத்திரை டப்பாவையும், ஊறவைத்திருந்த அரிசியையும் எடுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். அரிசி எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஃபேர் ஓக்ஸில் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கும்போது என் போன் அலறியது. வெளியேறுங்கள் என்ற உத்தரவு.

பாசடீனா கன்வென்ஷன் சென்டர் முகாமில் முதியோர் இல்லங்களிலிருந்து சக்கர நாற்காலியில் கொண்டுவந்த பெரியவர்கள் வரிசையாக இருந்தார்கள், சிலர் இரவு உடையோடு, மடியில் போர்வையோடு. அங்கே ஒரு மூலையில் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்ததும் கட்டிக்கொண்டேன். அவர் வீடு அன்று காலைக்குள் போய்விட்டது. எங்கள் வீடு நின்றது. நடுவில் இருந்தது ஒரு வேலியும் அந்த எலுமிச்சை மரமும்தான். இதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தத் தீயில் 9,400க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நின்ற வீட்டுக்குள் சாம்பலும் புகையும். மெத்தை, சோபா, துணியில் பாதி எல்லாம் வெளியே போட்டோம். மோட்டலில் பதினொரு இரவு, இரவுக்கு 189 டாலர் வீதம் 2,079. புது வீட்டு அட்வான்ஸ், மெத்தை, பாத்திரம் என்று சேர்த்து 6,400 டாலர் கையை விட்டுப் போனது. வாடகைக்கு இருப்பவர்களுக்கான இன்சூரன்ஸ் நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் கட்டிடத்துக்குத்தான், நம் பொருளுக்கு இல்லை என்பதுகூட அன்றுதான் தெரிந்தது. மாதம் இருபது டாலருக்குள் முடிந்திருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் வெளியேற்ற உத்தரவு வந்தாலே ஹோட்டல் செலவைக் கோரலாம், வீடு எரிந்திருக்க வேண்டியதில்லை. பேரிடர் உதவிக்கான அமெரிக்க அரசு அமைப்பான ஃபீமாவின் பண உதவி எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்குத் தன் பேரில் கிடைக்காது. ஆனால் வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் பேரில் விண்ணப்பிக்கலாம். என் தோழி ஒருத்தி இது தெரியாமல் விட்டிருப்பாள், அவள் பையன் பாசடீனாவில் பிறந்தவன்.

அந்தத் தோழியைப் பற்றித்தான் அடுத்தது. குரூப்பில் முதலில் கட்டைவிரல் காட்டியது அவள். மூன்றாம் நாள் வேறு ஏதோ கேட்கக் கூப்பிட்டபோது பின்னால் லவுட்ஸ்பீக்கர் சத்தம். "எங்கடி இருக்க?" என்றேன். ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில், காரில், குழந்தையோடு, இரண்டு இரவாக. கணவர் அவர்களை விட்டுப் பிரிந்திருந்தார், அது எங்களுக்கெல்லாம் தெரியாது. "எல்லாருக்கும் அவங்கவங்க பாடு, நான் வேற எதுக்கு?" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை, தீயிலிருந்து தப்பித்துவிட்டாள், அந்த அர்த்தத்தில் சேஃப்தான். நான் கேட்ட கேள்விதான் தப்பு. இப்போதெல்லாம் யாரிடமும் "சேஃபா?" என்று கேட்பதில்லை. இன்னைக்கு ராத்திரி எங்க படுக்குற, கூட யாரு, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, வண்டியில் பெட்ரோலோ சார்ஜோ எவ்வளவு, இதைத்தான் கேட்கிறேன். குரூப்பில் கேட்பதில்லை, தனியாக. பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் எவரும் "எனக்குப் போக இடமில்லை" என்று எழுத மாட்டார்கள்.

நல்ல எண்ணத்தில் நான் செய்த கெடுதல்களும் உண்டு. ஜனவரி 9 மாலை, தவறுதலாக ஒரு வெளியேற்ற எச்சரிக்கை கவுண்டி முழுக்க, ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குப் போனது. நான் அதை அப்படியே பார்வர்டு செய்து, "உடனே கிளம்புங்க" என்று மூன்று குடும்பங்களைக் கதிகலங்க வைத்தேன். அப்போதே தீ எங்கே என்று காட்டும் வாட்ச் டியூட்டி செயலியிலோ, முகவரியைப் போட்டால் வெளியேற்ற மண்டலத்தைக் காட்டும் வரைபடத்திலோ பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். இன்னொன்று, குழாய்த் தண்ணீரைக் "காய்ச்சிக் குடிங்க" என்று எல்லோருக்கும் சொன்னேன். அந்த வாரம் எங்கள் பகுதியில் வந்த அறிவிப்பு குடிக்கவே கூடாது என்பது. எரிந்த குழாய்களிலிருந்து கலக்கும் ரசாயனம் காய்ச்சினால் போகாது.

இப்போது நாங்கள் ஆறு வீட்டார் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு வீடு பொறுப்பு, சாவி கொடுத்துவைத்திருக்கிறோம், படுக்கையறை ஜன்னல் எது என்று காட்டியிருக்கிறோம், வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் நம்பர் எல்லோரிடமும் காகிதத்தில் இருக்கிறது. காற்று எச்சரிக்கை வந்தால் இருட்டுவதற்கு முன்னால் நேரில் ஒரு எட்டுப் போய்ப் பார்ப்பது, பதிலுக்குக் காத்திருக்காமல். பக்கத்து வீட்டு அம்மா மகளோடு போய்விட்டார், வாரம் ஒரு தடவை பேசுகிறோம். அங்கிளும் ஆன்ட்டியும் ஏப்ரலில் ஊருக்குத் திரும்பினார்கள். கோவில்பட்டியில் கரண்ட் போகும்போதெல்லாம் ஆன்ட்டியிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வரும்: "இங்க கரண்ட் இல்லம்மா. நாங்க முழிச்சிட்டுதான் இருக்கோம்."